நாய்ச்சோறு எங்கே வாங்குவது? – தில்லிக் கடைகளின் கதை

தில்லியில் நாயோ பூனையோ மீன்தொட்டியோ வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இரண்டு சந்தித்துக்கொண்டால் பத்து நிமிஷத்துக்குள் ஒரு சர்ச்சை கிளம்பிவிடும். தீனியும் மருந்தும் எங்கே வாங்குவது? மாலில் ஏ.சி. போட்ட செயின் ஸ்டோர் இருக்கிறது. செல்போனில் தட்டினால் மூட்டை வாசலுக்கு வருகிறது, தள்ளுபடியும் உண்டு. அப்படியிருக்க, காலனி மார்க்கெட்டில் எட்டடிக்குப் பத்தடி கடையில், மூட்டைகளுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் மனிதரிடம் முழு விலை கொடுத்து வாங்க வேண்டுமா என்ன?

நான் சின்னக் கடைக் கட்சி. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுப் போடுகிறவன் இல்லை. சின்னக் கடை என்றாலே நல்லது, பெரிய கடை என்றாலே கெட்டது என்று பேசுவது சுலபம். பிராணி வியாபாரத்தில் அது சரிப்படாது. ஏன் என்று சொல்ல கொஞ்சம் சரித்திரம் வேண்டும். (சரித்திரம் பிடிக்காதவர்கள் நாய்ப் படம் பார்க்கப் போகலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன்.)

புறாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். தில்லியில் வேறு எதிலிருந்தும் ஆரம்பிக்க முடியாது.

மொகலாயர்களுக்கும் புறாவுக்கும் உள்ள உறவு ஒரு சாவில் தொடங்குகிறது. பாபரின் அப்பா உமர் ஷேக் மிர்சா 1494-ல் இறந்தது போர்க்களத்தில் அல்ல. பர்கானாவில், அக்‌ஷி கோட்டையின் விளிம்பில் கட்டியிருந்த புறா மாடம் சரிந்து, புறாக்களோடு சேர்ந்து அவரும் பள்ளத்தில் விழுந்தார். இதைப் பாபரே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பைத்தியம் பேரன் வரைக்கும் தொடர்ந்தது. அக்பர் புறா பறக்கவிடுவதற்கு வைத்த பெயர் இஷ்க்பாஸி, அதாவது காதல் விளையாட்டு. அரண்மனையில் இருபதாயிரத்துக்கு மேல் புறாக்கள் இருந்தன, அவற்றில் ஐந்நூறு மட்டுமே முதல் தரம் என்று அபுல் பஸல் அயினி அக்பரியில் கணக்குச் சொல்கிறார். இருபதாயிரத்தில் ஐந்நூறைத் தனியாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். பிராணி வியாபாரத்தின் முதல் மூலதனம் அந்தக் கண்தான்.

அரசர்கள் போனார்கள், புறா போகவில்லை. பழைய தில்லியின் மொட்டை மாடிகளில் இன்றும் சாயங்காலம் ஆனால் விசில் சத்தமும், கூட்டமாகத் திரும்பும் புறாக்களும் உண்டு. ஜாமா மசூதிப் பக்கத்தில் கபூத்தர் மார்க்கெட் என்றே ஒரு இடம் இருக்கிறது. கபூத்தர் என்றால் புறா. அங்கே வாங்க வருகிறவர் மூன்று தெரு தள்ளி மொட்டை மாடி வைத்திருக்கும் உஸ்தாத். புறாவைக் கையில் எடுத்து இறக்கையை விசிறி மாதிரி விரித்து, கண்ணைப் பார்த்து, மூக்கைத் தடவி, அப்புறம்தான் விலையே பேசுவார். நோயாளிப் புறாவைத் தலையில் கட்டிவிட்டால் சாயங்காலத்துக்குள் பத்து மாடிகளுக்குச் செய்தி போய்விடும். விற்றவர் மறுநாளும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தாக வேண்டும்.

சின்னக் கடையின் நன்மை என்று நான் நினைப்பது முழுக்க இதுதான். அன்பு, பாசம் எல்லாம் அப்புறம். விற்றவன் முகம் வாங்கியவனுக்குத் தெரியும். மறுநாளும் அந்த முகம் அங்கேயே இருக்கும்.

இனி மறுபக்கம். அதே சந்தைகளில், புறாக் கூண்டுக்குப் பக்கத்துக் கூண்டிலேயே பச்சைக்கிளியும் முனியாவும் மலை மைனாவும் பல காலம் விற்றார்கள். புறா தலைமுறை தலைமுறையாக மனிதனோடு வளர்ந்தது. கிளியும் முனியாவும் காட்டில், வயலில், மரப்பொந்தில் பிடித்தவை. 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1990களின் தொடக்கத்தில் அது இறுக்கப்பட்டபோது இந்தியக் காட்டுப் பறவைகளை விற்பதும் வாங்குவதும் கிட்டத்தட்ட முழுசாகவே நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. மறைவுக்குப் போனது. இந்தப் பறவைச் சந்தைகளில் வருஷக்கணக்காகச் சுற்றி ஆராய்ந்தவர் அப்ரார் அகமது என்ற பறவையியலாளர். டிராபிக் இந்தியா அமைப்புக்காக 1990களில் அவர் செய்த ஆய்வுகளைப் பார்த்தால், அதிகம் சிக்கிக்கொண்ட பறவைகளில் ஒன்று நம் வீட்டுத் திண்ணைகளில் தொங்கிய அதே பச்சைக்கிளிதான் என்று தெரியும்.

நம்மவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும். பாட்டி வீட்டில் கிளி இருந்தது, அது ராமா ராமா என்றது, அதில் என்ன தப்பு என்று கேட்பார்கள். பாட்டி மேல் தப்பில்லை. இன்றைக்குப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது சட்டப்படி குற்றம். அவ்வளவுதான். (லவ் பேர்ட்ஸ் என்ற பெயரில் ஊர் முழுக்க விற்பது பெரும்பாலும் பட்ஜெரிகர். அது ஆஸ்திரேலியப் பறவை, கூண்டிலேயே இனம் பெருக்கியது. அதன் கதை வேறு.) 2015 மே மாதம் தில்லி உயர்நீதிமன்றம் ஒரு வழக்கில், பறவைகளுக்கு வானில் பறக்கும் உரிமை உண்டு, அவற்றைக் கூண்டில் அடைத்து வியாபாரம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை என்ற கருத்தைச் சொன்னது. செங்கோட்டைக்கு எதிரே லால் மந்திர் என்ற ஜைனக் கோயில் வளாகத்தில் பறவைகளுக்கு மட்டுமே ஆன தர்ம ஆஸ்பத்திரி ஒன்று பல பத்தாண்டுகளாக நடக்கிறது. அங்கிருந்து கபூத்தர் மார்க்கெட்டுக்கு நடந்தே போய்விடலாம். தில்லி அப்படிப்பட்ட ஊர்.

ஆக, முகம் தெரிந்த கடைக்காரரே புறாவில் யோக்கியராகவும் கிளியில் குற்றவாளியாகவும் இருந்திருக்கிறார். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருவோம்.

அடுத்து, காலனி மார்க்கெட். தில்லிக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். நம்மூரில் தெருமுனையில் ஒரு கடை, அடுத்த தெருவில் ஒரு கடை என்று தானாக முளைக்கும். தில்லியில் குடியிருப்புக்கு நடுவே மார்க்கெட் என்று ஒரு கட்டிடம். ரேஷன், தையல், ஸ்டேஷனரி, சாவி, மருந்து, நாய்ச்சோறு எல்லாம் அதற்குள். இது தானாக வந்ததல்ல.

1947 பிரிவினையில் ஏறக்குறைய ஐந்து லட்சம் அகதிகள் தில்லிக்கு வந்தார்கள். லாகூரிலும் ராவல்பிண்டியிலும் பெஷாவரிலும் கடை வைத்திருந்தவர்கள் வெறும் கையோடு வந்து நடைபாதையில் துணியும் பாத்திரமும் விற்றார்கள். அவர்களுக்காக அரசு கட்டிக்கொடுத்த மார்க்கெட்டுகள் பல. 1951-ல் வந்த கான் மார்க்கெட் அவற்றில் ஒன்று. எல்லை காந்தியின் அண்ணன் டாக்டர் கான் சாகிப்பின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். கீழே கடை, மேலே வீடு என்று அமைப்பு. கடைக்காரர் எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டாம், நிமிர்ந்து பார்த்தால் போதும். (அந்தக் கான் மார்க்கெட்டுக்குத்தான் இன்று நாட்டிலேயே மிக உயர்ந்த கடை வாடகைகளில் ஒன்று. அகதிகளின் கடைகள் இருந்த இடத்தில் பெரிய பிராண்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. ஹூம்.)

பிறகு 1957-ல் டி.டி.ஏ. வந்தது. 1962-ல் முதல் மாஸ்டர் பிளான். ஒவ்வொரு குடியிருப்புக்கும் அதன் அளவுக்கு ஏற்ற கடைத்தொகுதி என்று கணக்குப் போட்டு வரைந்தார்கள். நான் இருக்கும் மயூர் விஹாரும் அப்படி வரைந்த காகிதத்திலிருந்து வந்ததுதான். திட்டம் போட்டவர்கள் கொஞ்சம் கஞ்சத்தனமாகப் போட்டுவிட்டார்கள். ஊர் பெருக்கப் பெருக்க கடைகள் போதவில்லை. மக்கள் வீட்டுக் கீழ்த்தளத்தில் கடை திறந்தார்கள். அந்தக் கடைகளில்தான் 2006-ல் இடி விழுந்தது. எம்.சி.மேத்தா வழக்கில் உச்சநீதிமன்றம் பிப்ரவரியில் உத்தரவு போட, மார்ச்சிலிருந்து குடியிருப்புப் பகுதிக் கடைகளுக்கு சீல் வைத்தார்கள். செப்டம்பரில் சீலம்பூரில் நடந்த போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப்பலி. 2007 பிப்ரவரியில் வந்த புதிய மாஸ்டர் பிளான்தான், அறிவிக்கப்பட்ட தெருக்களில் கடை நடத்த வழி விட்டது. சின்னக் கடைக்காரர் என்றால் யாரும் அசைக்க முடியாத பழம்பெருச்சாளி என்று நினைப்பவர்கள் அந்த வருஷம் தில்லியில் இருந்திருக்க வேண்டும்.

பெரிய கடைகளும் தில்லிக்குப் புதிதல்ல. இங்கே முதலில் பேர் வாங்கிய பெரிய கடைத்தொடர் முதலாளியுடையதே அல்ல, கூட்டுறவு! 1966-ல் ரூபாய் மதிப்பு குறைக்கப்பட்டு விலைவாசி ஏறியபோது கன்னாட் பிளேஸில் சூப்பர் பஜார் திறந்தார்கள். நியாய விலை, நல்ல சரக்கு, ஊர் முழுக்கக் கிளைகள். பழைய தில்லித் தமிழர்களைக் கேட்டால் அங்கே வரிசையில் நின்ற கதை சொல்வார்கள். 2002-ல் நஷ்டத்தில் மூடிவிட்டார்கள். அடுத்து நம்மூர்ப் பெருமை ஒன்று. 1997-ல் சென்னையில் பிறந்த சுபிக்‌ஷா தில்லி வரைக்கும் வந்து தெருத்தெருவாகக் கடை போட்டது. நாடு முழுக்க சுமார் 1,600 கடைகள். 2009 தொடக்கத்தில் சம்பளம் கொடுக்கக்கூடக் காசில்லாமல் மொத்தமும் நின்றது. ஷட்டர் இழுத்த கடைகளின் பெயர்ப்பலகையில் நம்மூர்ப் பெயரைப் பார்க்க ஒரு மாதிரியாகத்தான் இருந்தது.

2011 நவம்பரில் மத்திய அமைச்சரவை, பல பிராண்ட் விற்கும் சில்லறை வணிகத்தில் 51 சதவீதம் அன்னிய முதலீடு என்று அறிவித்து, டிசம்பரிலேயே நிறுத்தி வைத்து, 2012 செப்டம்பரில் மறுபடி கொண்டுவந்தது. நாடு தழுவிய பந்த் நடந்தது. டிசம்பர் 5 அன்று மக்களவையில் 253-க்கு 218 என்று அரசு தப்பியது. அனுமதிப்பதா வேண்டாமா என்பதை மாநிலங்களிடம் விட்டார்கள். ஜெயலலிதா தமிழ்நாட்டில் இடமில்லை என்றார். ஷீலா தீட்சித் தில்லியில் வரவேற்றார். 2014 ஜனவரியில் கேஜ்ரிவாலின் முதல் அரசு வந்து அந்த ஒப்புதலைத் திரும்பப் பெற்றது. இத்தனை சண்டையும் வெளிநாட்டு ராட்சசக் கடைகளைப் பற்றி நடந்துகொண்டிருந்தது. சின்னக் கடையைக் கடைசியில் உரசிப் பார்த்தது செல்போன்.

நிற்க. பெட் ஷாப்புக்கு வருவோம்.

தில்லியின் நடுத்தர வர்க்கக் காலனிகளில் பெட் ஷாப் பெருகியதற்கு 2003-ஐ ஒரு குறியாக வைத்துக்கொள்ளலாம். ஹட்ச் விளம்பரம் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சின்னப் பையன், அவன் போகும் இடமெல்லாம் பின்னாலேயே போகும் பக் நாய். அதற்குப் பிறகு நாடு முழுக்கக் குழந்தைகளுக்கு பக் வேண்டும் என்று ஆனது. விலை எகிறியது. பக்குக்கு மூக்கு சப்பை. நாய்க்கு நம்மைப் போல வியர்க்காது, பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் உடம்புச் சூட்டை வெளியேற்றும். சப்பை மூக்கில் அது சரியாக நடக்காது. மே மாதம் 45 டிகிரி அடிக்கும் தில்லியில், மின்வெட்டுள்ள மூன்றாவது மாடி பிளாட்டில் அந்த நாய் என்ன பாடுபட்டிருக்கும் என்று விளம்பரம் சொல்லவில்லை. விற்ற கடைக்காரர்களிலும் பலர் சொல்லவில்லை.

கேட்ட குட்டியைக் கேட்ட வாரத்தில் கொடுக்க வேண்டும் என்றால் எங்கிருந்தாவது வர வேண்டுமே. ஏதோ ஒரு கொட்டகையில் ஓயாமல் குட்டி போடும் தாய்நாய், ஐந்து வாரத்திலேயே பிரித்த குட்டிகள், இரண்டு கைமாறி, கடைக் கண்ணாடிக்குப் பின்னால். தடுப்பூசி அட்டையில் கையெழுத்து இருக்கும், உடம்பில் ஊசி ஏறியிருக்காது. எங்கள் பிளாக்கில் ஒரு தமிழ்க் குடும்பம், மகளின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு கடையில் லேப்ரடார் குட்டி வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை துள்ளியது. வெள்ளிக்கிழமை வாந்தி, ரத்தபேதி. ஒன்பதாம் நாள் போய்விட்டது. பார்வோ என்ற வைரஸ். உடம்பில் புகுந்து சில நாள் அடையாளமே காட்டாது. வாங்கும்போது குட்டி கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கும். கடைக்காரர் பணம் திருப்பித் தர மாட்டேன், வேறு குட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

அந்த வைரஸ் வீட்டுத் தரையில், பாயில், செருப்பில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். புதுக்குட்டியைக் கொண்டுவந்தால் அதுவும் அதே கதிதான். இதை அந்தக் குடும்பத்துக்குச் சொன்னது யார் தெரியுமா? காலனி மார்க்கெட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் கடைக்காரர். தரையை பிளீச்சிங் கரைசலால் துடைக்கச் சொன்னார். இப்போதைக்கு எந்தக் குட்டியும் வேண்டாம், டாக்டரைக் கேட்காமல் யாரிடமும் வாங்காதீர்கள், பாபிஜி என்றார். அவருக்கு அன்று ஒரு பைசா வியாபாரம் இல்லை. குட்டியை விற்றதும் சின்னக் கடை, காப்பாற்றியதும் சின்னக் கடை. முதல் கடை எங்கேயோ பத்து கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அந்தக் குடும்பத்தை அவர் மறுபடி பார்க்கப் போவதில்லை. எங்கள் ஆள் மறுநாள் காலை பால் வாங்கும்போதே பார்த்தாக வேண்டும். கடையின் அளவைவிட இந்தத் தூரம்தான் முக்கியம் என்பது என் கட்சி.

சட்டம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். இங்கே நம்மூர்க்காரர் ஒருவர் வருகிறார். கலாக்ஷேத்ராவின் ருக்மிணி தேவி அருண்டேல். 1952-ல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராக தில்லி வந்தவர், பிராணிவதைக்கு எதிராகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதி சொல்ல, அதைத் திரும்பப் பெற்றார். 1960-ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. அதன்படி 1962-ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர், தலைமையகம் சென்னை. 2018-ல் அதை ஹரியானாவில் பல்லப்கட்டுக்கு மாற்றிவிட்டார்கள். தெற்கிலிருந்து தில்லிப் பக்கம் குடிபெயர்ந்தவர்கள் பட்டியலில் ஒரு வாரியத்தையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் 1960 சட்டத்துக்குக் கீழே பெட் ஷாப்புக்கென்று விதிகள் வர அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. 2015-ல் சட்ட ஆணையம் தன் 261-வது அறிக்கையில் இதைச் சுட்டிக்காட்டியது. 2017-ல் நாய் இனப்பெருக்க விதிகள், 2018 செப்டம்பரில் பெட் ஷாப் விதிகள். சாரம் இவ்வளவுதான்: மாநிலப் பிராணிகள் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் பிராணி விற்கக்கூடாது. சான்றிதழைக் கடையில் எல்லோருக்கும் தெரியும்படி மாட்ட வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த நாய்க்குட்டியை விற்கக்கூடாது. எங்கிருந்து வாங்கினோம், யாருக்கு விற்றோம் என்று பதிவேடு வேண்டும். 2017-ல் மீன்தொட்டிக் கடைகளுக்கும் விதிகள் வந்தன. சென்னை கொளத்தூர் வண்ணமீன் வியாபாரிகள் உட்படப் பலரும் எதிர்க்க, அவை பின்னர் கைவிடப்பட்டன.

காகிதத்தில் நல்ல விதிகள். நடைமுறையில், சான்றிதழ் எங்கே என்று வாங்குபவர் கேட்டால்தான் அது சுவரில் இருக்கும். நாம் கேட்பதில்லை. கறிவேப்பிலை கொசுறு கேட்கத் தெரிந்த நமக்கு இது மட்டும் ஏனோ கூச்சமாக இருக்கிறது.

இந்த இடத்தில்தான் செயின் ஸ்டோர்களுக்கு நியாயம் செய்ய வேண்டும். 2008-ல் தில்லியில் ராஷி நாரங் என்ற பெண் தொடங்கிய ஹெட்ஸ் அப் ஃபார் டெய்ல்ஸ் இன்று பல ஊர்களில் கிளைகளோடு நிற்கிறது. 2021-ல் வெளிநாட்டு முதலீடும் பெரிதாக வந்தது. இதுபோன்ற கடைகள் தீனி, படுக்கை, பொம்மை, குளியல் என்று விற்றே வளர்ந்தவை. கண்ணாடிப் பெட்டியில் குட்டியை வைத்து விற்று வளர்ந்தவை அல்ல. அமெரிக்காவில் 1987-ல் முதல் கடை திறந்த பெட்ஸ்மார்ட்டும் நாய், பூனை விற்பதற்குப் பதில் காப்பகங்களுக்குக் கடையில் இடம் கொடுத்து தத்து கொடுக்க வைத்தது. பிறகு சட்டங்களே அந்தப் பக்கம் திரும்பின. இங்கிலாந்தில் 2020 ஏப்ரல் முதல் மூன்றாம் நபர் நாய்க்குட்டி, பூனைக்குட்டி விற்கத் தடை. பிரான்ஸில் 2024 ஜனவரி முதல் கடைகளில் நாய், பூனை விற்கத் தடை. நியூயார்க் மாநிலத்தில் அதே 2024 டிசம்பரில்.

அதற்காகப் பெரிய கடை புனிதம் என்றும் இல்லை. லண்டன் ஹாரட்ஸில் 1917 முதல் 2014 வரை பிராணிகள் பிரிவு இருந்தது. 1969-ல் இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் அங்கே போய் ஒரு சிங்கக்குட்டியையே வாங்கிக்கொண்டு வந்தார்கள்! கிறிஸ்டியன் என்று பெயர் வைத்து வளர்த்து, சமாளிக்க முடியாமல் போய், கடைசியில் கென்யாவில் ஜார்ஜ் ஆடம்சனிடம் கொண்டு சேர்த்தார்கள். கதை நல்லபடியாக முடிந்ததால் யாரும் ஹாரட்ஸைக் கேட்பதில்லை. 2007 மார்ச்சில் வட அமெரிக்காவில் நடந்தது அப்படி முடியவில்லை. சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. மெனு ஃபுட்ஸ் என்ற ஒரே நிறுவனம் ஆறு கோடி டப்பாக்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அலமாரியில் விதவிதமான பிராண்டுகளாக நின்றவை பலவும் ஒரே ஆலையில் அடைத்தவை என்று மக்களுக்கு அன்றுதான் தெரிந்தது. சிறுநீரகம் கெட்டு நாய்களும் பூனைகளும் செத்தன. நூறு வகை இருக்கிறதே என்று பெரிய கடையில் பிரமிக்கும்போது இதையும் நினைத்துக்கொள்வது நல்லது.

2020 மார்ச் ஊரடங்கு இரண்டு தரப்பையும் சோதித்துவிட்டது. கராச்சியின் எம்ப்ரஸ் மார்க்கெட்டில் பூட்டிய பெட் கடைகளுக்குள் நூற்றுக்கணக்கான பிராணிகள் பட்டினியாலும் மூச்சுமுட்டியும் செத்தன. உயிரைச் சரக்காக அடுக்கி வைத்தால் ஷட்டர் இறங்கும் நாளில் இதுதான் நடக்கும். இங்கே மத்திய அரசின் உத்தரவில் மளிகை, பால், மருந்தோடு கால்நடைத் தீவனத்துக்கும் விலக்கு இருந்தது. நாய்ச்சோறு கால்நடைத் தீவனமா என்று போலீஸ்காரரிடம் வாதாடிய கடைக்காரர்கள் உண்டு. இணையத்தில் ஆர்டர்கள் நாள்கணக்கில் தேங்கிய அந்த வாரங்களில், எங்கள் காலனி மனிதர் அரைக் கதவைத் திறந்து, மூட்டையைப் பிரித்து, வீட்டுக்கு இரண்டு கிலோ என்று நிறுத்துக் கொடுத்தார். தெருநாய்களுக்குச் சோறு போடும் மாமிகளுக்குக் கடன் நோட்டில் எழுதிக்கொண்டார். அவர் ஒன்றும் மகாத்மா இல்லை. எல்லோர் வீடும் தெரியும், பணம் வந்துவிடும் என்று தெரியும். அந்தத் தெரிதல் எந்தக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலும் அன்று இல்லை.

இப்போது என் வழக்கத்தைச் சொல்கிறேன். தீனி காலனிக் கடையில்தான். மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய் அதிகம் ஆகிறது. தள்ளுபடியில் கிடைப்பதை விட்டுவிட்டு இதைக் கொடுப்பது எனக்கு மருத்துவ ஆலோசனைக் கட்டணம் மாதிரி. எங்கள் நாய் (தெருவில் பிறந்த சுத்தமான தில்லிவாலா) போன கோடையில் சாப்பிடாமல் கிடந்தபோது, பைக்குள் இருந்த உருண்டைகளை முகர்ந்து பார்த்து, எண்ணெய் கெட்டுப்போன வாசனை, இந்த மூட்டையே வேண்டாம் என்று திருப்பி எடுத்துக்கொண்டவர் அவர். மொத்த வியாபாரியிடம் சண்டையும் போட்டார். அதே சமயம், திறந்த மூட்டையிலிருந்து உதிரியாக நான் வாங்குவதில்லை. தேதி பார்க்காமல் எதையும் எடுப்பதில்லை. சின்னக் கடையில் சரக்கு மெதுவாகத்தான் நகரும், கோடையில் கொழுப்பு சீக்கிரம் கெடும். மருந்து என்றால் டாக்டர் சீட்டு இல்லாமல் கடைக்காரர் கொடுத்தாலும் வாங்குவதில்லை. இதிலெல்லாம் முகதாட்சண்யம் கூடாது.

உயிருள்ள பிராணி வேண்டும் என்று குழந்தைகள் கேட்டால் எந்தக் கடைக்கும் போகத் தேவையில்லை. டிபென்ஸ் காலனி மேம்பாலத்துக்குக் கீழே 1979-லிருந்து பிரெண்டிகோஸ் இருக்கிறது. ராஜா கார்டனில் 1980-லிருந்து சஞ்சய் காந்தி பிராணிகள் மையம் இருக்கிறது. அடைக்கலம் வந்த நாய்களும் பூனைகளும் அங்கே நிறைய. அப்படியும் கடையில்தான் வாங்குவேன் என்கிறவர்கள் சுவரில் சான்றிதழைத் தேடுங்கள், குட்டியின் தாயைப் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். தாயைக் காட்ட முடியாத கடையில் குட்டி வேண்டாம்.

எங்கள் கடைக்காரர் சில வருஷம் முன்பு வரை கூண்டில் பட்ஜெரிகரும், எப்போதாவது நாய்க்குட்டியும் வைத்திருந்தார். பிளாக்கில் நடந்த அந்த லேப்ரடார் சாவுக்குப் பிறகா, விதிகளுக்குப் பயந்தா தெரியாது, இரண்டையும் விட்டுவிட்டார். கூண்டு இருந்த இடத்தில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறார். காலனியில் எங்கே குட்டி போட்டிருக்கிறது, எத்தனை, ஊசி போட்டாயிற்றா, யாரைக் கேட்க வேண்டும் என்று சாக்பீஸில் இந்தியில் எழுதி வைப்பார். இந்த வாரம் பாக்கெட் மூன்றில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நான்கு பூனைக்குட்டிகள். இரண்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. மூன்றாவதை அந்தப் பத்து வயதுப் பெண், இப்போது கல்லூரிக்குப் போகிறவள், வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். நான்காவது கறுப்பு, ஒரு காதில் மட்டும் வெள்ளை. யாருக்காவது வேண்டுமானால் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் கடைக்கு வந்தால் அவரே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.